மூலைக்கு மூலை

மேஸ்திரி மூலைமட்டத்தை நம்புகிற ஆள் இல்லை. "அது இரும்பு. கீழ போட்டா வளையும். வளைஞ்சது தெரியாம அதை வச்சு ஒரு வீட்டையே வளைச்சுக் கட்டிருவீங்க" என்பார். அவர் நம்புவது நூலைத்தான். சுவர் எழுப்பத் தரையில் கோடு போட்டதும், இந்த மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூலை இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சுப் போடுவார். அதே நூலை மற்ற இரண்டு மூலைகளுக்கும் பிடித்துப் பார்ப்பார். முடிச்சு சரியாக மூலையில் வந்து உட்கார்ந்தால் அறை நேர். ஒரு விரல் தள்ளி உட்கார்ந்தால் கோணல். அதற்கப்புறம் நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு செங்கல் வைக்கவிடமாட்டார். வேலையாட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'குறுக்கு மேஸ்திரி' என்று கூப்பிட்டார்கள். அது அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

பள்ளிக்கூடத்தில் அதற்கு மூலைவிட்டம் என்று பெயர். இதை அவருக்குச் சொன்னது அவருடைய ஒரே மகள், கணக்கு டீச்சர். வேலையில் சேர்ந்த புதிதில், எதிரெதிர் முனைகளை இணைக்கும் நேர்கோடுதான் மூலைவிட்டம் என்று கரும்பலகை இல்லாத குறையாக வீட்டுக்கூடத்தில் நின்று விளக்கினாள். மேஸ்திரி வாயைப் பிளந்தார். "அப்ப இத்தனை வருஷமா நான் மூலைவிட்டம்தான் போட்டுட்டு இருக்கேனா? ஒருத்தனும் சொல்லலையே!" அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பேரு தெரியாமலேயே அதோட குடித்தனம் பண்ணியிருக்கீங்க. நல்ல வேளை, என் பேராவது தெரியும்" என்றாள். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்த சிரிப்பு கீழ்வீட்டுத் தையல்காரர் வரைக்கும் கேட்டதாம்.

அந்த மனைவிதான் இப்போது உள்ளறையில் மல்லாந்து கிடந்தாள். இரண்டாவது மாடி. பத்து நாளுக்குள் அவளைக் கீழே இறக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கேட்பதற்கு இதென்ன பெரிய காரியம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பரணிலிருந்து ஒரு பெரிய பாத்திரத்தை எடுக்க முக்காலியில் ஏறியிருக்கிறாள். முக்காலி சறுக்கிவிட்டது. மேஸ்திரி மொட்டைமாடியிலிருந்து ஓடி வந்தபோது அவள் தரையில் கிடந்தபடி, "கால் எங்க இருக்குன்னே தெரியலங்க" என்றாள். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸில் இரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையும்போதே வாசலுக்கு வெளியே இருக்கிற படித்தளத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். அது மூன்று பக்கமும் சுவர் எழுந்த ஒரு பெட்டி மாதிரி இடம். வீட்டு வாசலும் கீழே இறங்கும் படியும் அதன் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தன. ஸ்ட்ரெச்சர் வாசலை விட்டு முழுசாக வெளியே வந்து, அந்தப் பெட்டிக்குள்ளேயே திரும்பி, படிக்குள் நுழைய வேண்டும். ஸ்ட்ரெச்சருக்கு அங்கே இடம் பற்றவில்லை.

"கட்டி நிமிர்த்திடலாம் பெரியவரே. நாங்க தினமும் செய்றதுதான்" என்றார் ஒருவர். பட்டைகளை இறுக்கித் தலைப்பக்கத்தைத் தூக்கினார்கள். பாதி தூக்குவதற்குள் அவள் முகம் வெளுத்துப்போய், கண் மேலே செருகி, மூச்சு நின்றுவிட்டது. சட்டென்று இறக்கினார்கள். மூச்சு வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கினார்கள். மறுபடி நின்றது. இந்தத் தடவை திரும்பி வர நெடுநேரம் பிடித்தது. மூன்றாவது தடவை தூக்க இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை. படுக்கையில் கொண்டுபோய்ப் பழையபடி கிடத்திவிட்டு, டாக்டரை அனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள்.

டாக்டர் நல்ல மனுஷி. படியேறி வந்து, ஒரு மணி நேரம் இருந்து பார்த்தார். கூடத்துக்கு வந்து தணிந்த குரலில் சொன்னார்: "தண்டுவடம் நசுங்கியிருக்கு. தலையைத் தூக்குனா ரத்தம் மேல ஏறல. ரெண்டு தடவை தப்பிச்சாங்க, மூணாவது தடவை இதயம் நின்னுடும். படுத்தமேனிக்கு, மட்டமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டீங்கன்னா ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். நடப்பாங்கன்னு சொல்லல. உக்காருவாங்க. பத்து நாளைக்கு மேல இப்படியே கிடந்தா நெஞ்சுல சளி கட்டிடும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல."

"மட்டமா எப்படிம்மா இறக்குறது?" என்று மேஸ்திரி கேட்டார்.

"அதை நீங்கதான் சொல்லணும். இந்த வீட்டைக் கட்டுனதே நீங்கதானாமே? கீழ தையல்காரர் சொன்னார்."

டாக்டர் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை.

ஜன்னல் வழியாக இறக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கு அது முதல் நாளே தோன்றிவிட்டது. சாமான்களைக் கப்பியில் ஏற்றி இறக்கியே வாழ்ந்த மனுஷனுக்குத் தோன்றாமல் இருக்குமா? ஆனால் வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் சந்துப் பக்கம். கையை நீட்டினால் எதிர் வீட்டுச் சுவர். ஐந்தடிப் பலகை வெளியே வருவதற்கு மூன்றடிதான் இடைவெளி. அந்த எதிர் வீட்டை யார் கட்டியது என்று மட்டும் கேட்காதீர்கள். அதுவும் அவர்தான்.

படித்தளத்தின் கதைக்கு வருகிறேன். வரைபடத்தில் அது ஐந்தரை அடிக்கு நாலரை அடி. கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோதே, முடிந்ததும் மேஸ்திரி இந்த வீட்டில்தான் குடிவருவதாகப் பேச்சு. ஒரு நாள் மனைவி வேடிக்கை பார்க்க வந்தாள். சுவர்கள் முழங்கால் உயரம்தான் வந்திருந்தன. "இதான் உன் சமையல்கட்டு" என்று அவர் காட்டியதும் அவள் நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். இரண்டு பக்கமும் சுவர் இருக்க வேண்டிய இடத்தை விரல்கள் தாண்டின. "இதுக்குள்ள நானும் அடுப்பும் சேர்ந்து நிக்கணுமா? ஒண்ணு அடுப்ப வைங்க, இல்ல என்னை வைங்க" என்றாள். மேஸ்திரி அடுத்த நாளே சமையல்கட்டுக்கும் படித்தளத்துக்கும் நடுவிலிருந்த சுவரைப் பிரித்து, ஒன்றரை அடி படித்தளத்துக்குள் தள்ளிக் கட்டினார். ஐந்தரை நாலாயிற்று. கட்டடத்துக்குச் சொந்தக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. தள்ளிக் கட்டியபின் படித்தளத்தில் நூலைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு மூலைவிட்டமும் சமம். முடிச்சு கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. அதோடு மனசாட்சிக்கும் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டார்.

நூல் பொய் சொல்லவில்லை. இடம் நேராக இருக்கிறது என்றுதான் அது சொன்னது. போதும் என்று சொல்லவில்லை.

மூன்றாவது நாள் மகள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். மேஸ்திரி பழைய பையைக் குடைந்து நூல்கண்டை எடுத்துக்கொண்டு படித்தளத்துக்குப் போனார். ஒரு நுனியை மகள் மூலையில் பிடித்தாள். மறுநுனியை அவர் எதிர் மூலைக்கு இழுத்து முடிச்சுப் போட்டார். டேப்பில் வைத்துப் பார்த்தார். ஆறு அடி, அதற்கு மேல் கால் அங்குலம். அப்புறம் உள்ளே வந்து மனைவியின் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் அதே நூலைப் பிடித்தார்.

"என்னங்க, என்னையும் மூலைக்கு மூலை அளக்குறீங்களா? நேரா இருக்கேனான்னு பாக்கவா?" என்றாள் அவள்.

"நீ எப்பவும் நேர்தான். பேசாம இரு."

ஐந்தடி இரண்டங்குலம். மேஸ்திரி நூலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "இருக்கு பாப்பா! இடம் இருக்கு! அவங்க ஸ்ட்ரெச்சர்தான் நீளம். அஞ்சே காலடில ஒரு பலகை செஞ்சா போதும். முக்கால் அடி மிச்சம்டா!" முப்பத்தெட்டு வயசு மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவளும் அழுதாள். பிறகு அவளே கணக்கும் போட்டுப் பார்த்தாள்: நாலின் வர்க்கம், நாலரையின் வர்க்கம், கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் ஆறு புள்ளி பூஜ்யம் இரண்டு. அப்பாவின் நூலும் புத்தகமும் ஒரே விடையைச் சொல்லின. அப்புறம் என்ன வேண்டும்?

நாலாவது நாள் முழுக்க மேஸ்திரி பலகை செய்தார். தையல்காரர் அதற்குத் தடிமனான துணியில் உறை தைத்து, ஓரத்தில் பட்டைகள் வைத்துக் கொடுத்தார். மனைவி படுத்த இடத்திலிருந்தே எல்லோரையும் விரட்டினாள். கீழே போனதும் முதலில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், வானம் தெரிகிற மாதிரி ஒரு நிமிஷமாவது வண்டிக்கு வெளியே வைக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் வயசை இரண்டு குறைத்துச் சொல்ல வேண்டும். மேஸ்திரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த ஒரு நாள் அந்த வீட்டில் பழைய சத்தம் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

ஐந்தாவது நாள் காலை ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் வந்தார்கள். நாலு மூலைக்கும் அவர்கள் இரண்டு பேர், தையல்காரர், மேஸ்திரி. மகள் தலைமாட்டில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். பலகை அசையாமல் வாசலைத் தாண்டியது. "மெதுவா... திருப்புங்க... இன்னும்..." என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டே வந்தார். பலகையின் ஒரு முனை சுவரில் டக்கென்று இடித்தது.

"உங்க பக்கம் கொஞ்சம் வாங்க" என்றார். அந்தப் பக்கம் நகர்த்தினால் எதிர் முனை இடித்தது. கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார்கள். கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தார்கள். பூச்சு உதிர்ந்து அவள் போர்வையில் விழுந்தது. ஆம்புலன்ஸ்காரர், "பெரியவரே, அளந்தேன்னு சொன்னீங்களே?" என்றார்.

மேஸ்திரி பலகையைப் பார்த்தார். ஒன்றேகால் அடி அகலம். மூலையைப் பார்த்தார். அந்த மூலைக்குள் போய் நிற்க முடிந்தது நூலின் நுனிதான். நூலுக்கு ஏது அகலம்? வாழ்நாள் முழுக்க மூலைக்கு மூலை அவர் பிடித்தது நூலைத்தானே தவிர, ஒரு நாளும் ஒரு பலகையைப் பிடித்ததில்லை. பலகையின் பக்க முனைகள் இரண்டும் மூலையைத் தொடுவதற்கு வெகுமுன்னாலேயே சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றன.

நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மகளுக்கும் அந்த நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும். கோட்டுக்கு நீளம் மட்டும்தான் உண்டு, அகலம் கிடையாது. வருஷா வருஷம் வடிவியல் ஆரம்பிக்கிற முதல் நாளே இதைச் சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவைப்பாள். தப்பாகச் சொன்னவர்களை எழுந்து நிற்கச் சொல்வாள். நூலின் மறுநுனியைப் பிடித்திருந்தவளும் அவள்தான். வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பலகையில் கிடந்தவள் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷம் இங்க அண்ணாந்து பாத்ததே இல்லை. பூச்சு நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றாள். பிறகு, "இடம் பத்தலையா?" என்றாள்.

"அரை அடி" என்றார் மேஸ்திரி.

திருப்பிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். பலகையைக் குறுக்கலாமா என்று தையல்காரர் கேட்டார். பலகையைக் குறுக்கலாம், தோளைக் குறுக்க முடியாது. எல்லோரும் போனபின் மேஸ்திரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒன்றரை அடி. அதே ஒன்றரை அடி இருந்திருந்தால் பலகை அரைவட்டம் அடித்துத் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

"அன்னிக்கு நான் கையை நீட்டாம இருந்திருக்கலாம்" என்றாள்.

"நீ நீட்டுனா என்ன? நான்ல தள்ளிக் கட்டுனேன்."

"விடுங்க. இத்தனை வருஷம் சுவர்ல கை இடிக்காம சமைச்சேன்."

அவரைத் தேற்றத்தான் சொன்னாள். அவருக்கு அது நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

தள்ளிக் கட்டிய சுவரை இடிப்பது என்று முடிவு பண்ணிவிட்டார். ஒரு சிக்கல் இருந்தது. சுவர் வெளியே தள்ளி நின்றதால்தான் பிற்பாடு மொட்டைமாடியில் அதற்கு நேர்மேலே தண்ணீர்த்தொட்டியைக் கட்டினார்கள். கட்டியது யார் என்று இனிமேல் நான் சொல்லப்போவதில்லை. ஆறாவது நாள் தொட்டியைக் காலி பண்ணி, கூரைக்கு ஆறு முட்டுக்கம்பம் கொடுத்து, மேல்வரிசையிலிருந்து செங்கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார். முதல் கல், இரண்டாவது, மூன்றாவது. நாலாவது கல்லை உருவியபோது தலைக்கு மேலே நறுக்கென்று ஒரு சத்தம். கூரையின் அடிப்பக்கத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் புறப்பட்டு, முட்டுக்கம்பங்களைத் தாண்டிப் படிப் பக்கம் ஓடி நின்றது.

வேறு யாராவது என்றால் ஆனது ஆகட்டும் என்று இன்னொரு கல்லை உருவிப் பார்த்திருப்பார்கள். அவர் மேஸ்திரி. அந்த விரிசல் அடுத்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். தொட்டியோடு படி இறங்கும். படிக்குக் கீழே தையல்காரர் வீடு, அதற்குக் கீழே இன்னொரு குடும்பம். மேஸ்திரி முக்காலியிலிருந்து இறங்கினார். பிறகு சிமெண்ட்டைக் குழைத்து, நாலு கல்லையும் இருந்த இடத்திலேயே வைத்துப் பூசினார். தன் பெண்டாட்டியைத் தன் கையாலேயே உள்ளே வைத்துப் பூசுகிற மாதிரி இருந்தது அவருக்கு. பூசும்போது வாய்விட்டு அழுதார். உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள்.

"சத்தம் நின்னுடுச்சே?"

"நின்னுடுச்சு."

"அப்ப இங்க வந்து உக்காருங்க."

போய் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஏழாவது நாள் இருமல் வந்தது. மல்லாந்து கிடப்பவளுக்கு இருமக்கூட வலு இல்லை. எட்டாவது நாள் டாக்டர் மறுபடி படியேறி வந்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, அதை மடித்துப் பைக்குள் வைத்தார். மகளின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவள் கடைசியாகப் பேசியது, வானம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று. மேஸ்திரி ஜன்னலைத் திறந்து எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்தார். "நல்லா இருக்கு. மேகமே இல்லை" என்றார். ஒன்பதாவது நாள் காலையில் அவள் போய்விட்டாள்.

வண்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். ஆம்புலன்ஸ் இல்லை, இது வேறு வண்டி. படித்தளத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். "கட்டி நிமிர்த்திடலாங்கய்யா. நாங்க தினமும் செய்றதுதான்" என்றார் ஒருவர். மேஸ்திரி செய்த அதே பலகையில், தையல்காரர் தைத்த அதே பட்டைகளால் அவளைக் கட்டினார்கள். வாசலைத் தாண்டினதும் தலைப்பக்கத்தை மேலே தூக்கிக் கால்பக்கத்தைக் கீழ்மூலையில் ஊன்றினார்கள். பலகை நின்றமேனிக்குச் சுழன்று படிப் பக்கம் திரும்பியது. எங்கேயும் இடிக்கவில்லை. மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை. நாலு பேர் முட்டி மோதியும் தாண்ட முடியாத இடத்தை அவள் ஒரு நொடியில் கடந்து இறங்கிப் போனாள்.

எல்லோரும் கீழே போயாயிற்று. அப்பாவை மட்டும் காணோம் என்று மகள் திரும்பப் படியேறி வந்தாள். மேஸ்திரி படித்தளத்தில் நின்றுகொண்டிருந்தார். நூலின் ஒரு நுனியைத் தரைமூலையில் கால்கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். மறுநுனியை ஒட்டடைக் கம்பின் முனையில் கட்டி, எதிர்ப்பக்கம் மேலே, கூரையும் இரண்டு சுவரும் சேர்கிற மூலையில் வைத்து அழுத்தியிருந்தார். நூல் விறைப்பாக, சாய்வாக, கீழிருந்து மேலே போயிற்று.

அது என்ன என்று மகளுக்குத் தெரியும். பெட்டியின் மூலைவிட்டம். மேல் வகுப்புக்கு அவள்தான் நடத்துகிறாள்.

"வாங்கப்பா. கீழ எல்லாரும் நிக்கிறாங்க" என்றாள்.

அவர் திரும்பவில்லை. நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொன்றரை அடிக்கு மேல இருக்கு பாப்பா" என்றார். "உயிரோட இருந்தவளுக்குத்தான் பத்தல."